பாதிரியார் லயமனும் இரண்டு பிரதிகளும்

தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த கல்லூரி முதல்வர் அவர்களே, சால்வைக்குப் பதில் புத்தகம் என்று வழக்கத்தையே மாற்றிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நூலகர்களே, வணக்கம்.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில், ஏர்லி கிங்ஸ் என்ற ஊரில் பூசை வைத்தவர் பாதிரியார் லயமன். 1200-ஐ ஒட்டிய காலம். அரண்மனையில் பிரெஞ்சு, மடத்தில் லத்தீன். அவரோ பிரிட்டன் அரசர்கள் வரலாற்றை ஊரார் பேசிய ஆங்கிலத்தில், ஏறக்குறைய 16,000 வரிகளில் பாடிவைத்தார். நூலின் பெயர் 'புரூட்'. அவர் எடுத்த மூலம், அவருடைய யாப்பு, சுவடிக்கு நேர்ந்த கதி என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன்.

மூன்று நூல்களை எதிரே விரித்து வைத்துக்கொண்டு எழுதியதாகச் சொல்கிறார். பெரும்பகுதி வந்தது, வேஸ் என்பவர் 1155-இல் பிரெஞ்சில் முடித்த நூலிலிருந்துதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, இவர் கெடுத்த அழகைப் பாருங்கள்! பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரின் வட்டமேசையை வேஸ் சில வரிகளில் தாண்டிவிட்டார். இவரிடம் அது ஒரு ரகளை. ஆர்தர் மன்னர் வைத்த கிறிஸ்துமஸ் விருந்தில் யார் மேலே, யார் கீழே என்று தகராறு. முதலில் ரொட்டி பறக்கிறது. ரொட்டி தீர்ந்ததும் மது நிரம்பிய வெள்ளிக் கிண்ணம். பிறகு குத்து, அதன்பின் கத்தி. சண்டையைத் தொடங்கியவனைச் சதுப்பில் போட்டு அமுக்கச் சொல்கிறார் மன்னர். பிற்பாடு கார்ன்வாலில் ஒரு தச்சர் வந்து, 1,600 பேருக்கு மேல் உட்காரலாம், மேல் கீழ் கிடையாது, போகுமிடமெல்லாம் கொண்டுபோகலாம் என்று மேசை செய்து தருகிறார், நான்கே வாரத்தில்! எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

யாப்பு... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மோனை மிகுந்தது என்பதோடு விடுகிறேன்.

சுவடிக்கு வருவோம். மிஞ்சியவை இரண்டே பிரதிகள். ஒன்றை எழுதியவர் பழஞ்சொற்களை நீக்கிச் சுருக்கிவிட்டார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்! இரண்டுமே ராபர்ட் காட்டன் என்பவர் சேர்த்த சுவடி நூலகத்தில், ஒரே கூரையின் கீழ். 1731-இல் அங்கே தீப்பிடித்தது. சுருக்கப் பிரதி கருகியது, மற்றது தப்பியது. 1847-இல் மேடன் என்ற பதிப்பாசிரியர் இரண்டையும் அக்கம்பக்கமாக அச்சிட்டார். முழுப் பிரதி எரிந்திருந்தால்?

அதனால்தான் மேடைதோறும் கேட்கிறேன். வீட்டுப் பரணில் ஏடு இருந்தால் படமெடுத்து வையுங்கள். ஒட்டிய ஏட்டைப் பிய்க்காதீர்கள், எழுத்து உரிந்துவிடும். ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு பக்கம், ஏட்டெண் தெரிய, பக்கத்தில் அளவுகோல் வைத்து. படங்களை இரண்டு வெவ்வேறு ஊர்களில் வையுங்கள். படமெடுக்க ஆள் வேண்டுவோர் வாசல் மேசையில் முகவரி எழுதிவிட்டுப் போகலாம்.