ஜப்பானிய மொழியில எழுத எந்த லினக்ஸ் போடலாம்?

[திரையில்: வெறும் எழுதுபலகை. கர்சர் மட்டும் சிமிட்டுகிறது.]

வணக்கம். முதல்ல ஒரே ஒரு வாக்கியம் தட்டிப் பார்ப்போம். "கிஷா நோ கிஷா கா கிஷா தே கிஷா ஷிதா."

உங்க நிறுவனத்தோட நிருபர் ரயில்ல அலுவலகம் திரும்பினார்னு இதுக்கு அர்த்தம். முதல் கிஷா 'உங்க நிறுவனம்'. அடுத்தது 'நிருபர்'. மூணாவது நீராவி ரயில், கடைசி கிஷா 'அலுவலகம் திரும்புறது'. காதுக்கு நாலும் ஒண்ணுதான், எழுதும்போது நாலுக்கும் வேற வேற கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்து ஜப்பானிய மொழியில புழங்குற எழுத்து. ஜப்பான்ல தட்டச்சு மென்பொருளைச் சோதிக்க ரொம்ப காலமா புழங்குற வாக்கியம் இது.

[திரையில்: ஸ்பேஸ் பார் ஒரு தட்டு. நான்கு கிஷாவும் கான்ஜியாக மாறுகின்றன.]

நாம தமிழ்ல 'அம்மா'ன்னு தட்டினா அம்மா வந்து விழுந்துடும். எந்த அம்மான்னு கம்ப்யூட்டர் நம்மளைக் கேக்காது. ஜப்பானிய மொழியில கேட்டே ஆகணும். 2010ல திருத்தின பொதுப் பயன்பாட்டுப் பட்டியல்லயே 2,136 கான்ஜி இருக்கு. அத்தனைக்கும் விசை வைக்க முடியாது. ஒலியைத் தட்டினா, எந்த எழுத்துன்னு இடையில ஒரு மென்பொருள் தேர்ந்து கொடுக்கணும். அதுதான் மாற்று எஞ்சின். எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் பதிப்பு, போடலாம்னு என்கிட்ட கேக்குறவங்க பெரும்பாலும் மெனு ஜப்பானிய மொழியில வருமான்னுதான் பாக்குறாங்க. மெனு எல்லாத்துலயும் வரும். இந்த எஞ்சின் எவ்வளவு சிக்கல் இல்லாம வந்து உக்காருதுங்கிறதை வெச்சுத்தான் நான் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பேன்.

இன்னைக்குப் பெரும்பாலானவங்க பயன்படுத்துற எஞ்சின் மோஸுக். கூகுள் தன்னோட ஜப்பானிய உள்ளீட்டுக் கருவியை 2010ல திறமூலமா வெளியிட்டுச்சு, அதுதான் இது. கூகுள் இணையத்துல திரட்டின பெரிய அகராதி இதுல கிடையாது, அதனால ஆள் பேர், ஊர்ப் பேர்ல கொஞ்சம் தடுமாறும். ஆனாலும் அன்றாட எழுத்துக்கு இதைவிட நல்ல இலவச எஞ்சின் நான் பாக்கல. இதுக்கு மூத்தது அன்தி, கியோத்தோ பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கினது.

எஞ்சினை டெஸ்க்டாப்போட, அதாவது மெனு, ஜன்னல் எல்லாம் காட்டுற திரைச் சூழலோட, இணைக்க ஒரு பாலம் வேணும். ஐபஸ், ஃபைட்டிக்ஸ்னு ரெண்டு இருக்கு. நோம் டெஸ்க்டாப்னா ஐபஸ் போதும், அது கூடவே வருது. கேடிஇ பிளாஸ்மான்னா ஃபைட்டிக்ஸ் 5 போடுங்க. ஜன்னல்களைத் திரையில காட்டுற வேலண்ட் அமைப்புல ஓடும்போது அமைப்புகள்ல 'மெய்நிகர் விசைப்பலகை'ன்னு ஒரு பகுதி இருக்கும், அங்க போய் ஃபைட்டிக்ஸைத் தேர்ந்தெடுக்கணும். பேரைப் பார்த்து, நமக்கு இது எதுக்குன்னு தாண்டிப் போயிடாதீங்க.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். லினக்ஸ்ல தமிழ்99 விசைப்பலகையில தட்டுறீங்களா? ஐபஸ்ல அதைக் கொடுக்குறது எம்17என்னு ஒரு நூலகம். அதை உருவாக்கினவங்க ஜப்பான்ல, சுகுபா நகரத்து அரசு ஆய்வகத்துல இருந்த ஆராய்ச்சியாளர்கள். தங்க மொழிக்கு வழி தேடினவங்க, அதே வேலையில நம்ம மொழிக்கும் இடம் வெச்சாங்க. எனக்கு இதுல பெரிய நன்றி உண்டு.

சரி, டிஸ்ட்ரோவுக்கு வருவோம். புதுசா வர்றவங்களுக்கு உபுண்டு. நிறுவும்போதே ஜப்பானிய மொழியைத் தேர்ந்து இணையத்தையும் இணைச்சு வெச்சா, மோஸுக் சேர்ந்தே வரும். ஏற்கனவே ஆங்கிலத்துல போட்டிருந்தா ஐபஸ்-மோஸுக் தொகுப்பை நிறுவிட்டு, ஒரு தடவை லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க.

[திரையில்: அமைப்புகள், விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள்.]

இப்போ நிதானமா பாருங்க. பட்டியல்ல 'ஜப்பானியம்'னு ஒண்ணு, 'ஜப்பானியம் (மோஸுக்)'னு ஒண்ணு. முதலாவது வெறும் விசைப்பலகை அமைப்பு, அதுல எழுத்து மாற்றமே நடக்காது. நான் முதல் தடவை அதைத்தான் தேர்ந்தேன். ரெண்டு நாள் ஆங்கில எழுத்தாவே வந்துட்டு இருந்துச்சு. மோஸுக்னு பேர் போட்டதைத்தான் எடுக்கணும். அதை எடுத்த பிறகும் ஆங்கில எழுத்தே வந்தா பதறாதீங்க. ஐபஸ்ல மோஸுக் நேரடி உள்ளீட்டு நிலையிலதான் தொடங்கும். மேல் பட்டையில அதோட மெனுவைத் திறந்து ஹிராகானாவுக்கு, அதாவது ஜப்பானிய ஒலி எழுத்துக்கு, மாத்துங்க, அவ்வளவுதான்.

லினக்ஸ் மின்ட்லயும் சுலபம், உள்ளீட்டு முறைகளுக்குன்னே தனிக் கருவி வெச்சிருக்காங்க. ஃபெடோரா 34லிருந்து இயல்பா வர்றது அன்தி, மோஸுக்கை நீங்கதான் சேர்த்துக்கணும். ஆர்ச்ல எல்லாமே நம்ம கையால. சூழல் மாறிகள்னா என்னன்னு தெரிஞ்சவங்க மட்டும் அந்தப் பக்கம் போங்க.

வருஷக்கணக்கா மாத்தாம ஓடணும்னா என் கை டெபியன் பக்கம்தான் போகும். நிறுவும்போது ஜப்பானிய மொழியைத் தேர்ந்தா எழுத்துரு, உள்ளீடு, மொழிபெயர்ப்புன்னு எல்லாத்தையும் ஒரே பணித்தொகுப்பா இறக்கிடுது. எங்க வீட்டுப் பழைய மடிக்கணினியில இருக்கிறதும் அதுதான்.

ஜப்பான்லயே உருவான டிஸ்ட்ரோ இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. வைன் லினக்ஸ், 1998ல தொடங்கினது. பொதுவான டிஸ்ட்ரோக்கள்ல ஜப்பானிய மொழி தட்டுறதே பெரும் பாடா இருந்த காலத்துல, போட்ட உடனே எழுதலாம்னு அது செஞ்சு காட்டிச்சு. 2021 மே மாசத்தோட நிறுத்திட்டாங்க. பழைய வழிகாட்டிகள்ல அதோட பேர் இன்னும் வரும், அதை நம்பி இறக்காதீங்க. உபுண்டுவோட ஜப்பானியக் குழு ஜப்பானிய மொழிக்கேத்தபடி தனியா ஒரு ரீமிக்ஸ் பதிப்பு வெளியிட்டிருக்காங்க, ஜப்பான்லயே இருக்குறவங்க அதைப் பாக்கலாம்.

அடுத்து எழுத்துரு. இதுல தப்பு நடந்தா கண்ணுக்கே தெரியாது, அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

[திரையில்: 'நேர்' என்று பொருள்படும் கான்ஜி, இரண்டு வடிவங்களில், பெரிதாக.]

கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்குற யூனிகோடுல ரெண்டுக்கும் ஒரே எண். இடது பக்கம் இருக்கிறது ஜப்பானிய வடிவம். நம்ம 'ட' மாதிரி ஒரு கோடு கீழ இறங்கி, அடியில வலப்பக்கம் மடங்குது பாருங்க. வலது பக்கம் சீன வடிவம். அதுல அந்தச் செங்குத்துக் கோடு இல்ல, அடியில படுக்கைக் கோடு மட்டும். எதைக் காட்டணும்னு எழுத்துருதான் முடிவு பண்ணுது. உங்க சிஸ்டம் ஆங்கிலத்துலயோ தமிழ்லயோ இருந்தா, உங்களுக்கு ஜப்பானிய வடிவம்தான் வேணும்னு அதுக்குத் தெரியாது. சில நேரம் சீன வடிவத்தைக் காட்டிடும். மொழி கத்துக்கிறவங்க அதைப் பார்த்துத் தப்பாவே எழுதிப் பழகிடுவாங்க, எனக்கு அதுதான் வருத்தம். 2014ல கூகுளும் அடோபியும் சேர்ந்து கொடுத்த நோட்டோ எழுத்துருவுல ஜப்பானியப் பதிப்பு தனியா இருக்கு. எழுத்துரு வரிசையில சீனத்துக்கு முன்னாடி அதை வைங்க. அதுக்கான கோப்பை விளக்கப் பெட்டியில போட்டிருக்கேன்.

மெனுவையும் முழுசா ஜப்பானிய மொழிக்கு மாத்தணுமா? கத்துக்கிறவங்களுக்கு அவசியமில்ல. மாத்தினா டெஸ்க்டாப், டவுன்லோட் கோப்புறைப் பேரெல்லாம் கட்டகானாங்கிற இன்னொரு ஜப்பானிய ஒலி எழுத்துல வரும், கட்டளை தட்டுற டெர்மினல்ல ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டணும். வீட்டுல ஜப்பானியர் யாராவது பயன்படுத்துறாங்கன்னா தாராளமா மாத்துங்க, கோப்புறைப் பேரை மட்டும் ஆங்கிலத்துல வெச்சுக்கலாம்.

ஜப்பானிய விண்டோஸ்லிருந்து வர்ற ஜிப் கோப்பைத் திறந்தா பேரெல்லாம் குப்பையா வரலாம். கோப்பு கெடல. பழைய ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கத்துல பேர் வெச்சிருப்பாங்க. டெபியன், உபுண்டுல இருக்கிற அன்ஜிப்புக்கு அந்தக் குறியாக்கத்தைச் சொல்லித் திறக்கலாம். பிடிஎஃப்ல எழுத்து வரலைன்னா பாப்ளர்-டேட்டா தொகுப்பைப் போட்டுப் பாருங்க.

எல்லாம் போட்டாச்சா? அந்தக் கிஷா வாக்கியத்தைத் தட்டி ஸ்பேஸ் பாரை அழுத்துங்க. ஏதாவது ஒரு கிஷா தப்பா வந்தா அம்புக்குறியால அது மேல போய், மறுபடி ஸ்பேஸ் அழுத்துங்க, பட்டியல் விரியும். சரியானதை எடுத்து என்டர் தட்டுங்க. உங்க தேர்வை மோஸுக் நினைவுல வெச்சுக்கும்.