நூறு தாலந்தும் ஒரு பிடி அரிசியும்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சபையாரே, அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

"முழுமனதான அர்ப்பணிப்பு வெளிப்படுவது பெரிய தியாகத்திலா, அன்றாட வாழ்விலா?" இதுதான் இன்றைய வழக்கு. பெரிய தியாகத்துக்காக வாதாடிய அண்ணன், எலியா தீர்க்கதரிசியின் பின்னே போவதற்காக எலிசா தன் ஏரை எரித்ததைச் சொன்னார். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சாட்சிக்கு அழைத்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். அந்த இரண்டு சாட்சிகளும் 'அன்றாட வாழ்வே' என்று வாதாடும் எங்கள் அணிக்காரர்கள் என்பது அண்ணனுக்குத் தெரியவில்லையே என்ற மகிழ்ச்சியில் தட்டினேன்.

முதலில் என் சாட்சி, யூதாவின் ராஜா அமத்சியா. ஏதோமியர்மேல் போருக்குப் போக, இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் வீரர்களை 100 தாலந்து வெள்ளிக்குக் கூலிக்கு அமர்த்தினான். "அந்தப் படை உன்னோடு வரக்கூடாது" என்றார் தேவமனிதர். உடனே அமத்சியா கேட்ட கேள்வி: "நான் கொடுத்த நூறு தாலந்து என்னாவது?" பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்த பிறகு கல்யாணம் தள்ளிப்போனால் பெண்ணின் தகப்பனார் கேட்பாரே, அதே கேள்வி! ஆனாலும் சொன்னபடி கேட்டான். படையைத் திருப்பி அனுப்பினான். நூறு தாலந்து என்றால் ஏறத்தாழ மூன்று டன் வெள்ளி, நடுவர் அவர்களே! எதிரணியின் தராசில் இதற்கு முழு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும்.

போரில் வென்றான். திரும்பி வரும்போது, தோற்றுப்போன ஏதோமியரின் தெய்வங்களைத் தூக்கி வந்து, தனக்கு முன் நிறுத்தி விழுந்து வணங்கினான். தன் ஜனத்தையே காப்பாற்றாத தெய்வங்கள்! அவன் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடு செய்யவில்லை என்று இரண்டாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. மூன்று டன் வெள்ளியை விட்டவனைப் பற்றிய தீர்ப்பு இது. அனனியாவும் காணியை விற்றவன்தான். விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, முழுவதையும் ஆதிச் சபைக்குக் கொடுத்ததாக நடித்த அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

இப்போது எலிசா. ஏரை எரித்து, மாடுகளைச் சமைத்து ஊருக்கு விருந்து வைத்தது ஒரு நாள். பிறகு என்ன செய்தார்? மூன்று ராஜாக்கள் தண்ணீரில்லாமல் தவித்து, தீர்க்கதரிசி யாராவது உண்டா என்று கேட்டபோது, ஓர் ஊழியக்காரன் எலிசாவை எப்படி அடையாளம் காட்டினான்? ஏரை எரித்தவர் என்றா? "எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர்" என்றான்!

1910இல் மிசோரம் சபையில் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை சோறு ஆக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். சேர்ந்ததை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். பானையில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் அந்தக் கை உள்ளே போக வேண்டும், விருந்தாளி வந்த நாளிலும் போக வேண்டும். நூறாண்டு கடந்தும் அந்தக் கை நிற்கவில்லை. ஒரு மூட்டையை ஒரே நாளில் கொடுத்துவிடலாம், நடுவர் அவர்களே. மறுநாளும் உலை கொதிக்குமே!

நானும் யோக்கியன் இல்லை. இந்த உரைக்கு ஒரு வாரம் தயாரித்தேன். இன்று காலைக் குடும்ப ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்து கைபேசியைப் பார்த்தேன். வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள், மறுக்க வழியில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார். டோனாவூருக்கு வந்துவிடுகிறேன். ஏமி அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1951இல் இறக்கும் வரை தாய்நாடு திரும்பவில்லை. அண்ணன் சொன்னது சரி. கப்பல் ஏறியது பெரிய தியாகம்தான். ஆனால் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்துக்கொண்டிருந்தவர், கோயில்களில் விடப்படவிருந்த குழந்தைகள் வந்து சேரச் சேர, அந்தப் பயணங்களைக் குறைத்துக்கொண்டு பிள்ளை வளர்க்க உட்கார்ந்தார். பால் புகட்டுவது, குளிப்பாட்டுவது, இரவெல்லாம் காய்ச்சல்காரப் பிள்ளையோடு விழித்திருப்பது. 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே படுக்கையில். அந்த இருபது ஆண்டில் எந்த ஏரை எரிக்க முடியும், எந்தக் கப்பல் ஏற முடியும்?

தன் கல்லறையின்மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் பொறித்தது ஒரே சொல்: "அம்மா."