நிலவறை மேடையில் சக் பெரி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர், கிதார் கலைஞர் சக் பெரியை மேடையில் நேரில் பார்த்த ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வழக்கு நிச்சயம். அப்படி ஒரு ராத்திரி இனி வராது என்பார் ஒருவர். கிதார் சுருதியே சேரவில்லை, காசு தண்டம் என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எந்த ஊர், எவ்வளவு பெரிய இடம், கூட வாசித்தது யார் என்ற மூன்று கேள்வியைக் கேட்டால் வழக்கு பாதி தீர்ந்துவிடும். அந்த மூன்றாவது கேள்வியைத்தான் இன்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி டெல்மார் லூப் என்று ஒரு கடைத்தெரு. அங்கே 1972-இல் ஜோ எட்வர்ட்ஸ் தொடங்கிய உணவகம் புளூபெரி ஹில். ஆரம்ப காலத்தில் வாசித்த இடங்களைப் போல ஒரு சின்ன இடத்தில் மறுபடி வாசிக்கவேண்டும் என்று பெரிக்கு ஆசை. 1996-இல் அங்கே வாசிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 70. மாதம் ஒரு கச்சேரி, பெரும்பாலும் புதன்கிழமை. 2014 வரை மொத்தம் 209 கச்சேரிகள். இடம், கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் டக் ரூம். ஒரு காலை நீட்டி, குந்தியபடியே கிதார் வாசித்துக்கொண்டு மேடையைக் கடப்பாரே, அந்த வாத்து நடையை வைத்து வந்த பெயர். சுமார் 340 பேர் கொள்ளும். முன்னால் நிற்பவருக்கு அவர் இடது கை விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். இந்த விரல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய பல ஆண்டுகள் அவர் ஊர் ஊராகப் போன முறையே வேறு. கையில் ஒரு கிப்சன் கிதார், அவ்வளவுதான். பணம் மேடை ஏறும் முன்பே ரொக்கமாக வரவேண்டும். ஃபெண்டர் டூயல் ஷோமேன் ஆம்ப்ளிஃபையர் இரண்டு தயாராக இருக்கவேண்டும். பக்கவாத்தியக்காரர்களை அந்தந்த ஊரிலேயே ஏற்பாட்டாளர் பிடித்துத் தரவேண்டும். ஒத்திகை கிடையாது. 1973-இல் மேரிலாண்டில் அப்படி வாசித்தவர்களில் ஒருவர் இளைஞர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பிற்பாடு பெரிய ராக் பாடகர் ஆனவர். என்னென்ன பாட்டு என்று கேட்டதற்கு, சக் பெரி பாட்டுகள்தான் என்று பதில் வந்ததாம். சுருதியும் சொல்லவில்லை.

சுருதி சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நம் கச்சேரியில் பாடுபவருக்கு ஒரு சுருதி, தம்பூரா அதிலேயே நிற்கும். இங்கே பாட்டுக்குப் பாட்டு மாறும். கிதார் பழகும் பிள்ளைகள் அவருடைய புகழ்பெற்ற ஆரம்ப வாசிப்பை ஏ சுருதியில் பழகுவார்கள். விரல் அழுத்தாமல் மீட்டும் திறந்த தந்திகள் உதவும், கீழ் ஸ்தாயிக் கிதாரான பேஸ் வாசிப்பவருக்கும் சுலபம். அதாவது கிதார் கழுத்தில் ஐந்தாவது கட்டம், ஃபிரெட் என்பார்கள். ஆனால் பெரி 'ஜானி பி. குட்' பாட்டின் பதிவில் வாசித்தது பி ஃபிளாட், ஆறாவது ஃபிரெட். ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பேஸ்காரர் பழக்கதோஷத்தில் ஏ-யில் இறங்கினால், பாட்டுக்கும் பேஸுக்கும் நடுவே அரை சுரம் தொங்கும். அரை சுரம் இடிப்பதைவிடக் காதைக் குத்துவது வேறொன்றும் இல்லை. கூட்டம் யாரைக் குறை சொல்லும்? பெயர் போட்டவரைத்தான்.

அந்த ஆரம்ப வாசிப்பைக் கொஞ்சம் கிட்டப்போய்க் கேளுங்கள். ஆள்காட்டி விரல் ஆறாவது ஃபிரெட்டில் மேல் ஸ்தாயித் தந்திகள் இரண்டையும் சேர்த்து அழுத்தும். இரண்டு சுரமும் ஒன்றாக ஒலிக்கும். மோதிர விரல் மூன்றாவது தந்தியை எட்டாவது ஃபிரெட்டில் பிடித்து, இரண்டாவது தந்தியின் சுரத்தைத் தொடும்வரை இழுக்கும். ஒரு முழு சுரம் ஏறவேண்டும். கொஞ்சம் குறைந்தால் அழுகை மாதிரி இருக்கும், கூடினால் கீச்சிடும். 1986-இல் செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் தியேட்டர் கச்சேரிக்கு ஒத்திகை நடந்தபோது, 'கேரல்' பாட்டின் ஆரம்பத்தில் வரும் இந்த மாதிரி ஓர் இழுப்புக்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸை நிறுத்தி நிறுத்தித் திருத்தினார் பெரி. அது படமாகவே இருக்கிறது. ஆக, சுருதி பற்றிக் கவலைப்படாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

பின்னே ஏன் மேடையில் அவர் கிதாரின் சுருதி இறங்கியது? அந்த மூன்றாவது தந்திதான். அதிகம் இழுபடுவது அது. கழுத்தின் தலைப்பில் தந்தி உட்காரும் பள்ளம் இறுக்கமாக இருந்தால், இழுத்த தந்தி பழைய இடத்துக்குத் திரும்பாது. விளக்குச் சூட்டில் உருக்குத் தந்தி இன்னும் தளரும். பாட்டுக்கு நடுவே முறுக்காணியைத் திருகிச் சரிசெய்ய நிற்கவேண்டும். அவசரமாக ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு விமானம் பிடிப்பவர் எங்கே நிற்கப் போகிறார்!

சரி, ஏன் பி ஃபிளாட்? பியானோதான் காரணம். 1952 டிசம்பர் 31 இரவு, பியானோக்காரர் ஜானி ஜான்சனின் மூவர் குழுவில் சாக்ஸபோன்காரருக்கு உடம்பு சரியில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் பெரி. பிறகு அவர்கள் கூட்டம் சேர்த்த இடம் கிழக்கு செயின்ட் லூயிஸின் காஸ்மோபாலிட்டன் கிளப். ஜான்சனின் கைக்கு வாகான சுருதிகள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் வகை. கிதாரில் அவை வாகானவை அல்ல, திறந்த தந்தி உதவாது. பெரி பியானோவுக்கு விட்டுக்கொடுத்தார், அதிலிருந்தே அவர் பாணி பிறந்தது. கறுப்பினத்தவர் கூடும் அந்த கிளப்பில் அவர் வெள்ளைக்காரர்களின் கிராமியப் பாட்டை எடுத்துவிட்டபோது முதலில் சிரித்தார்கள், அப்புறம் ஆடினார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1955 மே மாதம் சிகாகோவில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான 'மேபலீன்' பாட்டு.

டக் ரூமுக்கு வருகிறேன். அங்கே பேஸ் வாசித்தவர் ஜிம் மார்சாலா. பல பத்தாண்டுகள் அவரோடு இருந்தவர். மகன் சார்லஸ் இன்னொரு கிதார், மகள் இங்க்ரிட் ஹார்மோனிக்கா. பாட்டு எந்த சுருதியில் எழும் என்பது இவர்களுக்குப் பழக்கம். கடைசி ஆண்டுகளில் வரி மறந்துபோகும், ஆரம்பம் தடுமாறும். மேடையிலேயே தாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருந்தார்கள். பெரிய அரங்கில் பார்த்தவரின் ஞாபகமும் இங்கே பார்த்தவரின் ஞாபகமும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். கடைசிப் பாட்டுக்கு ரசிகைகளை மேடைக்கு ஏற்றி ஆடவிடுவார். அதைப் பற்றியே தனியாக ஐந்து நிமிடம் பேச நினைத்திருந்தேன்... கண்ணாடிக்கு அப்பால் கை காட்டிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் 2017 மார்ச்சில் காலமானார். இந்த புளூபெரி ஹில் குழுவோடு பதிவு செய்த 'சக்' என்ற கடைசித் தொகுப்பு அந்த ஜூனில் வெளிவந்தது. அதையும் 1950-களின் செஸ் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழைய பதிவுகளில் கிதாரை விட்டுவிட்டு, பின்னால் ஓடும் பியானோவில் காதை வையுங்கள். வணக்கம்.