லீத்தல் வெப்பன்: சண்டைப் படத்துக்குள்ள ஒரு வீட்டுப் படம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு இழுவை எதுவும் இல்ல, நேரா படத்துக்குப் போயிடலாம். ‘லீத்தல் வெப்பன்’. 1987 மார்ச்ல அமெரிக்காவுல வந்த படம். மெல் கிப்சன், டேனி க்ளோவர் நடிச்சது. டைரக்டர் ரிச்சர்ட் டானர். லாஸ் ஏஞ்சலஸ்ல ரெண்டு போலீஸ். ஒருத்தன் கிறுக்குப் பய, இன்னொருத்தர் குடும்பஸ்தர். முதல்ல முட்டிக்கிறாங்க, அப்புறம் ஒட்டிக்கிறாங்க. அவ்ளோதான் கதை. “இத நான் பல படத்துல பார்த்துட்டேனே”ன்னு தோணுதுல்ல? தோணணும். ஏன்னா அதுக்கப்புறம் வந்த முக்காவாசி ஜோடி போலீஸ் படம் இதோட ஜெராக்ஸ்தான். ஜெராக்ஸெல்லாம் மங்கிப் போச்சு, ஒரிஜினல் மட்டும் இன்னும் பளிச்சுன்னு இருக்கு. அது எப்படின்னுதான் இன்னைக்குப் பேச்சு.

ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். ஸ்பாய்லர் முழுசா இருக்கு, கிளைமாக்ஸ் வரைக்கும் சொல்லுவேன். ரெண்டாவது, இந்தப் படத்தோட மையத்துலயே தற்கொலை எண்ணம் இருக்கு. அது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா இந்த வீடியோவ விட்டுடுங்க. யாருக்காவது அந்த மாதிரி மனசு பாரமா இருந்தா தமிழ்நாட்டுல 104க்கு கூப்பிட்டுப் பேசுங்க.

சரி. பின்னணியச் சுருக்கமா முடிச்சிடறேன். ஜோடி போலீஸ் வகையறாவ இந்தப் படம் கண்டுபிடிக்கல. 1982லயே ‘48 ஹவர்ஸ்’ வந்தாச்சு, நிக் நோல்ட்டியும் எடி மர்ஃபியும். ஆனா அதுல ஒருத்தன்தான் போலீஸ், இன்னொருத்தன் ஜெயில்ல இருந்து ரெண்டு நாளைக்கு வெளிய வந்த கைதி. அதோட புரொட்யூசர்கள்ல ஒருத்தரான ஜோயல் சில்வர்தான் இங்கயும் புரொட்யூசர். எழுதினது ஷேன் பிளாக். காலேஜ் முடிச்சு வெளிய வந்த பையன், இருபதுகள்ல வயசு. அந்த ஸ்கிரிப்ட் ரெண்டரை லட்சம் டாலருக்கு வித்துச்சு. சுமார் 1.5 கோடி டாலர்ல எடுத்தாங்க, உலகம் பூரா 12 கோடி டாலர் வசூல். கணக்கு போதும்.

இப்ப படத்தோட ஆரம்பம். கிறிஸ்துமஸ் சீசன், ‘ஜிங்கிள் பெல் ராக்’ பாட்டு, ராத்திரி லாஸ் ஏஞ்சலஸ் மேல கேமரா மிதந்து போகுது. ஒரு பொண்ணு அடுக்குமாடி பால்கனில இருந்து கீழ நிக்கிற கார் மேல விழுந்து சாகுறா. இது கேஸோட தொடக்கம். ஆனா எனக்கு இது படத்தோட தொடக்கம் இல்ல. படம் தொடங்குறது இதுக்கப்புறம் வர்ற ரெண்டு காலைல.

முதல் காலை, ரோஜர் மர்ட்டா வீடு. மனுஷன் நிம்மதியா பாத்டப்ல படுத்திருக்காரு. கதவத் திறந்துட்டு பொண்டாட்டி, மூணு பசங்க, கேக்கு எல்லாம் உள்ள வந்துடுது. அம்பதாவது பொறந்தநாள்! தண்ணிக்குள்ள கிடக்கிற மனுஷனுக்கு மானம் மறைக்கக் கூட டைம் குடுக்கல. பெரிய பொண்ணு போற போக்குல, “தாடி நரைக்குதுப்பா, வயசான மாதிரி காட்டுது”ன்னு ஒரு குத்து குத்திட்டுப் போறா. அடுத்து பார்த்தா தாடி இல்ல, வழிச்சாச்சு. அம்பது வயசுக்காரரா நடிக்கிற டேனி க்ளோவருக்கு ஷூட்டிங்கப்போ நாற்பதுதான். ஆனா அந்த முழங்கால் வலி நடையும், அந்தப் பெருமூச்சும்... நம்பிடுவீங்க.

ரெண்டாவது காலை, மார்ட்டின் ரிக்ஸ். கடற்கரை ஓரம் ஒரு டிரெய்லர் வண்டி, அதான் அவன் குடியிருப்பு. எழுந்ததும் சிகரெட்டு, பீரு. கூட ஒரு நாய். “எழுந்திரிச்சியா”ன்னு கேட்க ஆள் கிடையாது.

ஒருத்தருக்கு வயசாகுதேன்னு கவலை. இன்னொருத்தனுக்கு இன்னைக்கும் விடிஞ்சிடுச்சேன்னு கவலை. பெருசா வசனம் இல்லாம, ஃபிளாஷ்பேக் இல்லாம, ரெண்டு பேரையும் நமக்குக் குடுத்துட்டாங்க பாருங்க. திரைக்கதை எழுதப் பழகுறவங்க இந்த ரெண்டு சீன மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

ரிக்ஸோட மனைவி கார் விபத்துல போயிட்டாங்க. ஒரு ராத்திரி கல்யாண போட்டோவ வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், டிவில பக்ஸ் பன்னி கார்ட்டூன் ஓடுது, துப்பாக்கிய வாய்க்குள்ள வைக்கிறான். முடியல. உடைஞ்சு அழுவுறான். இது வந்த காலத்த யோசிங்க. ஸ்டாலோன், ஷ்வார்ஸநெக்கர் ரெண்டு பேரும் உடம்ப முறுக்கிக்கிட்டு ஒத்தை ஆளா ஊரையே சுட்டுத் தள்ளிக்கிட்டிருந்த நேரம். அப்ப ஒரு ஆக்‌ஷன் ஹீரோ, வில்லன் யாருன்னு தெரியுறதுக்கு முன்னாடியே, தன்ன சுட்டுக்க முடியலன்னு தேம்பி அழுவுறான். மெல் கிப்சன் அப்புறம் எவ்வளவோ நடிச்சிருக்காரு. எனக்கு இதுதான் உச்சம்.

இவ்ளோ சோகத்துக்கு அப்புறம் இவங்க சந்திக்கிற சீன் சிரிப்பா வெச்சிருப்பாங்க. ஸ்டேஷன்ல ஒரு பரட்டைத் தலையன் கையில துப்பாக்கியோட நிக்கிறான். மர்ட்டா பார்த்துட்டு, எவனோ பொறுக்கி உள்ள வந்துட்டான்னு கத்திக்கிட்டே பாய்றாரு. ஒரே புரட்டல், மர்ட்டா தரையில. அப்ப பக்கத்துல இருக்கிறவர் சொல்றாரு, இவர்தான்யா உன் புது பார்ட்னர்னு. மர்ட்டாவோட அந்த ஃபேமஸ் வசனம் இருக்கே, இந்தக் கூத்துக்கெல்லாம் எனக்கு வயசாயிடுச்சுன்னு, அது நாலு பாகத்துக்கும் ஓடுச்சு.

அப்புறம் அந்த மாடி சீன். ஒருத்தன் கட்டடத்து உச்சில நின்னுக்கிட்டு குதிக்கப் போறேங்கிறான். சமாதானம் பேசப் போன ரிக்ஸ், பேசிக்கிட்டே அவன் கையில விலங்கப் போட்டு, மறு பக்கத்த தன் கையில மாட்டிக்கிட்டு, “வா, குதிப்போம்”னு இழுத்துக்கிட்டு குதிச்சிடுறான். கீழ காத்துப் பை இருக்கு, பொழச்சிடுறாங்க. நாம கை தட்டிடுவோம். மர்ட்டா தட்ட மாட்டாரு. ரிக்ஸ ஒரு கடைக்குள்ள தள்ளிக்கிட்டுப் போயி, “உனக்கு உண்மையிலேயே சாகணுமா? இந்தா”ன்னு தன் துப்பாக்கிய நீட்டுவாரு. அவன் நிஜமாவே சுட்டுக்கப் போறான்னு அங்கதான் அவருக்குப் புரியும். அதுவரைக்கும் டிபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க பேசுறது என்ன, பைத்தியம்னு காட்டி பென்ஷன் வாங்கப் பார்க்கிறான்னு. மாஸ் சீன் ஒண்ணு குடுத்து, நாம கை தட்டுன கையோட “எதுக்குக் கை தட்டுனீங்க?”ன்னு கேட்கிறாங்க. இந்தத் தைரியம் ஜெராக்ஸ் படங்கள்ல கிடையாது.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற இடம். மர்ட்டா, ரிக்ஸ வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போறாரு. மர்ட்டா பொண்டாட்டி ட்ரிஷ்ஷோட சமையல் ரொம்ப மோசம், வீட்ல எல்லாருக்கும் அது தெரியும், வாய் திறக்க மாட்டாங்க. ட்ரிஷ்ஷா நடிச்சது டார்லீன் லவ். அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் பாட்டுன்னா அவங்க குரல்தான் ஞாபகம் வரும், அந்த அளவுக்குப் பெரிய பாடகி. அவங்கள கிறிஸ்துமஸ் படத்துல கூட்டிட்டு வந்து ஒரு பாட்டு கூடக் குடுக்காம, கறிய மட்டும் தீய வெச்சிருக்காங்க. இந்தக் குசும்பு எனக்குப் பிடிச்சிருக்கு.

சாப்பிட்டு முடிச்சு ரெண்டு பேரும் வீட்டு வாசல்ல நிக்கிற படகுல ஏறி உட்கார்ந்து பீர் குடிக்கிறாங்க. ஆமா, படகு. தண்ணியில இல்ல, வாசல்ல. மர்ட்டா ஆசையா வாங்கி நிறுத்தி வெச்சிருக்காரு. அங்க உட்கார்ந்துதான் ரிக்ஸ் சொல்லுவான், வியட்நாம் போர் சமயத்துல லாவோஸ்ல ரொம்ப தூரத்துல இருந்த ஒரு ஆள, பலமான காத்துல குறி வெச்சு சுட்டேன், உலகத்துலயே அத செய்யக் கூடியவங்க எட்டுப் பத்துப் பேர்தான் இருப்பாங்க, எனக்கு நல்லா வர்ற ஒரே வேலை இதுதான்னு. பெருமையா சொல்ற மாதிரி இருக்கும். முகத்தப் பாருங்க, பெருமை இருக்காது.

கேஸ் எங்க போகுதுன்னா, வியட்நாம் காலத்துல ஒண்ணா இருந்த ஒரு ரகசியக் கும்பல் இப்ப ஹெராயின் கடத்துது. உண்மையச் சொன்னா அந்தக் கதை சுமார்தான். படத்தப் பார்த்து ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா வில்லனுங்க கை வைக்கிறது எதுல? மர்ட்டா பொண்ணு மேல. கடைசில வில்லன் ஜோஷுவா, அதாவது கேரி பியூசி, தேடி வர்றது எங்க? அதே வீட்டுக்கு. ஆளில்லாத போலீஸ் கார் சுவர உடைச்சுக்கிட்டு உள்ள பாயுறது எங்க? அதே வீட்டு ஹாலுக்குள்ள. கடைசிச் சண்டை எங்க? அதே வீட்டு முன்னாடி புல்தரையில. கேக் வெட்டுன வீடு, மோசமா சமைச்ச வீடு, அதக் காப்பாத்தத்தான் ரிக்ஸ் சண்டை போடுறான். தனக்குன்னு எதுவுமே இல்லாதவன். ஜெராக்ஸ் எடுத்தவங்க ரெண்டு எதிரெதிர் குணத்த எடுத்துக்கிட்டாங்க, கவுன்ட்டர் வசனத்த எடுத்துக்கிட்டாங்க, வெடிய எடுத்துக்கிட்டாங்க. இந்த வீட்ட யாரும் எடுத்துக்கல.

இன்னொண்ணு. மர்ட்டாவா டேனி க்ளோவரப் போடலாம்னு சொன்னது நடிகர்களத் தேர்ந்தெடுக்கிற காஸ்டிங் டைரக்டர் மேரியன் டோர்ட்டி. கறுப்பின நடிகரப் போடலாம்னு தனக்குத் தோணவே இல்லன்னு டானரே பின்னாடி ஒத்துக்கிட்டாரு. அதோட பலன் என்னன்னா, ஹாலிவுட்ல அது வரைக்கும் பெரிய படங்கள்ல அபூர்வமா வந்த ஒரு சித்திரம்: சொந்த வீடு, படகு, படிக்கிற பசங்கன்னு நல்லா வாழுற கறுப்பினக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள்ளதான் அந்த வெள்ளைக்காரன் அடைக்கலம் தேடி வர்றான்.

சண்டைக் காட்சிக்கு வர்றேன். அந்தக் கடைசிச் சண்டைய இப்பப் பார்த்தா, எம்எம்ஏ, அதாவது பல தற்காப்புக் கலைகளக் கலந்து போடுற சண்டைப் போட்டி பார்க்கிறவங்க “அட!”ன்னு நிமிர்ந்து உட்காருவீங்க. ரிக்ஸ் கால்களால கழுத்த லாக் பண்ணுவான்ல, அது பிரேசிலியன் ஜியு ஜிட்சு, தரையில புரண்டு பிடி போட்டு மடக்குற ஒரு தற்காப்புக் கலை. சொல்லிக் குடுத்தவங்கள்ல ஒருத்தர் ரோரியன் கிரேஸி. அவர் சேர்ந்து ஆரம்பிச்ச எம்எம்ஏ போட்டியான யூஎஃப்சி வந்தது 1993ல. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே இது ஸ்கிரீன்ல வந்தாச்சு. மியூசிக் பத்தி ஒரே வரி: இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் கூட சேர்ந்து, ரிக்ஸுக்கு எரிக் க்ளாப்டன் கிட்டாரு, மர்ட்டாவுக்கு டேவிட் சான்பார்ன் சாக்ஸஃபோன். ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

ஸ்டன்ட் கலைஞர் டார் ராபின்சனுக்குத்தான் இந்தப் படம் சமர்ப்பணம். இதுல வேலை பார்த்துட்டு, 1986 கடைசில வேற ஒரு படத்து ஷூட்டிங்ல பைக் விபத்துல இறந்துட்டாரு. எண்ட் கார்டு வர்றப்ப ஆஃப் பண்ணிடாதீங்க.

குறை இல்லாம இல்ல. அந்தப் புல்தரைச் சண்டையவே எடுத்துக்கோங்க. சுத்தி அத்தனை போலீஸ் நிக்குது, ஹெலிகாப்டர் லைட் அடிக்குது, யாரும் கைது பண்ணல, வட்டம் போட்டு வேடிக்கை பார்க்கிறாங்க. 87ல அது மாஸு. நாலு வருஷம் கழிச்சு, 1991ல அதே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் வட்டமா நின்னு ராட்னி கிங்ங்கிற கறுப்பினத்தவர அடிச்ச வீடியோவ உலகமே பார்த்துச்சு. அத மனசுல வெச்சுக்கிட்டு இந்த சீனப் பார்த்தா விசில் வராது, தொண்டையில நிக்கும். மெல் கிப்சன் 2006ல கைதானப்போ யூதர்களப் பத்திப் பேசின பேச்சும் எல்லாருக்கும் தெரியும். அதுக்காக அவர் படமே பார்க்க மாட்டேன்னு யாராவது சொன்னா நான் வாதாட மாட்டேன்.

அடுத்த பாகங்கள்? ரெண்டாவது, 1989. ஷேன் பிளாக் எழுதின டிராஃப்ட்ல ரிக்ஸ் செத்துடுவான். ஸ்டுடியோ முடியாதுன்னுடுச்சு, அவரும் விலகிட்டாரு. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோட தூதரக ஆளுங்கள வில்லனாக்கின அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். 92ல வந்த மூணாவது சுமார். 98ல வந்த நாலாவது பாகத்த ஜெட் லிக்காகப் பார்க்கலாம். ஆனா ரிக்ஸோட காயம் ஆறினதுக்கப்புறம் அவன் வெறும் சேட்டைக்காரன் ஆயிட்டான், எனக்கு அதுல வருத்தம்தான்.

முதல் தடவ பார்க்கிறவங்க தியேட்டர்ல வந்த வெர்ஷனையே பாருங்க. டைரக்டர்ஸ் கட்ல, அதாவது பின்னாடி வந்த நீளமான வெர்ஷன்ல, கொஞ்சம் கூடுதல் சீன் இருக்கு, பள்ளிக்கூடத்துல ஒளிஞ்சிருந்து சுடுறவன் முன்னாடி ரிக்ஸ் நடந்து போற சீன் மாதிரி. ரிக்ஸ் எப்படிப்பட்டவன்னு ஏற்கெனவே தெரிஞ்ச நமக்கு அது மறுபடி சொல்ற மாதிரிதான் இருக்கும், ரெண்டாவது ரவுண்டுக்கு வெச்சுக்கோங்க. அப்புறம் ரிக்ஸுக்கு கரன்ட் ஷாக் குடுக்கிற ஆளோட முகத்த நல்லா பார்த்து வெச்சுக்கோங்க. அவர் பேரு அல் லியாங். அடுத்த வருஷமே ‘டை ஹார்ட்’ல போலீஸ சுடக் காத்திருக்கிற கேப்ல, கடையில இருந்து சாக்லேட்ட எடுத்துத் தின்னுவாரே, அவரேதான். அடுத்த வீடியோ அந்தப் படம். அது கிறிஸ்துமஸ் படமா இல்லையாங்கிற சண்டைய அங்க வெச்சுக்கலாம். பை மக்களே.