சொன்னதைக் கேட்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

"பத்து முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை, பள்ளியிலிருந்து நாள் தவறாமல் புகார் வருகிறது" என்று பெற்றோர் பிள்ளையை அழைத்து வரும்போது, குழந்தை நல மருத்துவரான நான் முதலில் கேட்பது, காதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்பதைத்தான். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிடுவதுண்டு. வலியோ காய்ச்சலோ இல்லாமலே அது கேட்கும் திறனைக் குறைத்துவிடுவதால், வீட்டில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கித் தூங்கும் பிள்ளையும், இரவுத் தூக்கம் கெட்டுப் பகலில் பரபரப்பாகத் திரியக்கூடும்.

இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகே, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறைப் பற்றி எண்ண வேண்டும். இதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதமாவது நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரத் தெரிந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால்தான் அது கோளாறு. விளையாட்டுப் பிள்ளையின் துறுதுறுப்பெல்லாம் நோயாகாது. இதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. தாய் செல்லம் கொடுத்ததாலோ, இனிப்பு தின்றதாலோ இது வருவதில்லை என்பதைப் பாட்டி தாத்தாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் இந்தப் பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது.

"டிவி முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அப்போது எங்கிருந்து கவனம் வந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நொடிக்கொரு காட்சி மாறும் திரை, பிள்ளையின் கவனத்தைத் தானே இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பலன் உடனே கிடைக்காத வாய்ப்பாட்டிலும் வீட்டுப்பாடத்திலுமோ, பிள்ளைதான் தன் கவனத்தை முயன்று நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த முயற்சிதான் இவர்களுக்குக் கடினம். ஆகவே இதைத் திமிர் என்று எண்ணி அடிப்பதால் பயனில்லை. அடி அந்த நேரத்துக்கு அடக்குமே தவிர, கவனிக்கக் கற்றுத் தராது.

சமையலறையிலிருந்தபடியே, "பையை எடுத்து வை, சீருடையை மாற்று, கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட வா" என்று நாம் அடுக்கிக்கொண்டு போனால், மூன்றாவதைக் கேட்பதற்குள் முதலாவது அவன் நினைவிலிருந்து நழுவியிருக்கும். அருகில் சென்று, டிவியை நிறுத்தி, அவன் முகம் பார்த்து, ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட, "என் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்பது அவனுக்கு எளிதாகப் புரியும். செய்து முடித்தவுடனேயே, என்ன செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஆண்டுத் தேர்வு முடிந்தால் சைக்கிள் என்னும் வாக்குறுதி, இந்தப் பிள்ளைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. வீட்டுப்பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடுவில் எழுந்து நடமாட விடுங்கள். வகுப்பில் சன்னலிலிருந்து தள்ளி முன்வரிசையில் இடமும், நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுப்பது போன்ற எழுந்து செய்யும் வேலையும் தந்தால், ஆசிரியருக்கும் பாதிச் சுமை குறையும்.

6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பிள்ளையைக் கையாளும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுத் தரும் பயிற்சியே முதல் சிகிச்சை. அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தேவையானால் மருந்தும் உண்டு. அது பசியையும் தூக்கத்தையும் குறைக்கக்கூடும் என்பதால், எடையையும் உயரத்தையும் மருத்துவர் தொடர்ந்து கண்காணிப்பார்.

பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. போகும்போது, வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செல்லுங்கள், ஏனெனில் புதிய இடத்தில், புதிய மருத்துவரின் முன்னால், பல பிள்ளைகள் அமைதியாகவே அமர்ந்திருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.