குதிரை டிராம்ல யாரு ஏறலாம்?

எல்லாருக்கும் வணக்கம். கரண்ட் டிராம் வர்றதுக்கு முன்னாடி நியூயார்க்கையே இழுத்தது குதிரைங்கதான், அதப் பத்திதான் இன்னிக்குப் பேசப்போறேன்.

1827-ல ஆபிரகாம் பிரவர்னு ஒருத்தர் நியூயார்க் பிராட்வே தெருவுல பன்னெண்டு பேர் உக்கார்ற குதிரை வண்டி விட்டாரு, சொந்த வண்டி இல்லாதவனும் காசு குடுத்து ஏறலாம்ங்கறதே அப்ப புதுசு. ஆனா கல்லு ரோட்டுல குலுக்கி எடுத்துரும். 1832 நவம்பர்ல நியூயார்க் அண்ட் ஹார்லெம் கம்பெனி பவரி தெருவுல தண்டவாளம் போட்டு அதுமேல குதிரை வண்டிய ஓட விட்டாங்க. இரும்பு மேல இரும்பு உருளும்போது உராய்வு கம்மி, அதனால அதே ரெண்டு குதிரை முன்னவிட நெறைய பேர இழுக்கும், டிக்கெட் விலை இறங்கும், வேலை ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம்னு தள்ளிப்போய்க் குடியிருக்கலாம், ஊரு வடக்க வடக்க நீண்டுக்கிட்டே போச்சு.

குதிரைங்க பாடு பெரும்பாடு. சில மணி நேரத்துக்கு மேல இழுக்க முடியாது, மாத்தி மாத்திப் பூட்டணும், அதுக்குன்னு பெரிய பெரிய லாயம். 1872-ல குதிரைக் காய்ச்சல் பரவி டிராம் நின்னு, சரக்கு வண்டிய மனுஷங்களே இழுக்க வேண்டியதாப் போச்சு.

ஆனா காசு குடுத்தாலும் கறுப்பு மக்கள எல்லா வண்டியிலயும் ஏத்த மாட்டாங்க, அவங்க ஏறலாம்னு போர்டு மாட்டுன வண்டி தனியா வரும். 1854 ஜூலை 16, ஞாயித்துக்கிழமை, எலிசபெத் ஜென்னிங்ஸ்னு ஒரு கறுப்பின டீச்சர், சர்ச்சுல ஆர்கன் வாசிக்கப் போகணும், லேட்டாயிருச்சு, வந்த தேர்டு அவென்யூ கம்பெனி வண்டியில ஏறிட்டாங்க. அடுத்த வண்டியில உங்க ஆளுங்க இருக்காங்க, அதுல வான்னு கண்டக்டர் சொல்றான். இறங்க மாட்டேன்னாங்க. பிடிச்சு இழுக்கறான், ஜன்னல் சட்டத்தப் பிடிச்சுக்கிறாங்க, கைய விடுவிச்சுட்டான், உடனே அவன் கோட்டையே பிடிச்சுக்கிறாங்க! டிரைவரும் சேர்ந்து வெளிய தள்ளிட்டான், திரும்ப ஏறுறாங்க, கடைசில ஒரு போலீஸ்காரன் வந்துதான் இறக்க முடிஞ்சுது. நெனச்சுப் பாருங்க, 1955-ல பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்ட விட்டுக்குடுக்க மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸுக்கு நூறு வருஷம் முன்னாடி!

அந்தம்மா கேஸ் போட்டாங்க. வாதாடுனது செஸ்டர் ஆர்தர்னு ஒரு இளம் வக்கீல், 1881-ல அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். 1855-ல நீதிபதி ராக்வெல், ஒழுங்கா நடந்துக்கிற எந்தக் கறுப்பினத்தவரையும் வண்டியிலேந்து ஒதுக்க முடியாதுன்னு ஜூரிகிட்ட, அதாவது தீர்ப்பு சொல்ல உக்காந்த பொதுமக்கள் குழுகிட்ட, சொன்னாரு, ஜூரி 225 டாலர் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு, அந்தக் கம்பெனியும் வழிக்கு வந்துச்சு.

மத்த கம்பெனிங்க லேசுல விடல. எலிசபெத்தோட அப்பா தாமஸ் ஜென்னிங்ஸ் லீகல் ரைட்ஸ் அசோசியேஷன்னு ஒரு சங்கம் ஆரம்பிக்க உதவுனாரு, அந்தச் சங்கத்துக்காரங்க அடுத்தடுத்து கேஸ் நடத்துனாங்க, சிலதுல தோத்தாங்க, இருந்தும் விடல. பொது வண்டியில இப்படி ஒதுக்கக் கூடாதுன்னு மாநிலச் சட்டம் வர்றதுக்கு 1873 ஆயிருச்சு.