பாட்டிலின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியை அணைக்காமல் ஒரு சின்னக் காரியம் செய்ய முடியுமா பாருங்கள். குளியலறையில் இருக்கும் ஷாம்பூ பாட்டிலையோ, கைக்குப் பூசும் லோஷனையோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். முன்பக்கம் வேண்டாம். அங்கே ஒரு இலை, ஒரு நீர்த்துளி, 'மென்மையானது', 'இயற்கையானது' என்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பின்பக்கம் திருப்புங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கிற அளவில் ஒரு பட்டியல் அச்சடித்திருப்பார்கள். இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்துகளைப் பற்றியதுதான்.

நான் வேதியியல் படித்தவன் என்று தெரிந்தால் போதும், எந்த சோப்பு வாங்கலாம், எந்தச் சலவைத்தூள் ஆற்றைக் கெடுக்காது என்று கேட்பார்கள். முன்பக்கத்தை நம்பி வாங்காதீர்கள், வாங்கியதையும் குறைவாகப் புழங்குங்கள் என்பேன். கேட்டவருக்கு முகம் வாடிப்போகும். ஒரு பிராண்டின் பெயரை எதிர்பார்த்து வந்திருப்பார், பாவம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. உடம்பில் பூசும் பொருள்களில், பல நாட்டு விதிகளின்படி, அதிகம் இருப்பது முதலில் வரும், குறைவாக இருப்பது பின்னால் வரும். ஷாம்பூ என்றால் முதலில் தண்ணீர். 'அக்வா' என்று போட்டிருப்பார்கள். அடுத்து அழுக்கை எடுத்து நுரை கொடுக்கிற பொருள், பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட். அதற்குத் துணையாக கோகமிடோபுரோபைல் பீட்டைன் என்று ஒன்று இருக்கும். முன்னதன் கடுமையைத் தணிப்பது அதன் வேலை. கொஞ்சம் தள்ளி சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. ஷாம்பூ தண்ணியாக ஓடாமல் கெட்டியாக நிற்க உப்பு போடுகிறார்கள். கிளைக்கால் டிஸ்டியரேட் என்று இருந்தால் அது முத்துப் போன்ற மினுமினுப்புக்காக. முடிக்கு அதனால் பெரிய லாபமில்லை, பார்க்கிற கண்ணுக்குத்தான்.

இந்த வரிசை 1 சதவீதம்வரைதான் செல்லும். அதற்குக் கீழே இருக்கும் பொருள்களை எப்படி வேண்டுமானாலும் முன்பின் மாற்றி எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பினாக்சி எத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அங்கே விற்கிற ஒரு லோஷனில் கற்றாழைச் சாறு இந்தப் பெயருக்குப் பின்னால் எழுதப்பட்டிருந்தால், முன்பக்கத்தில் அரைப் பாட்டில் அளவுக்குப் படம் போட்ட அந்தக் கற்றாழை உள்ளே 1 சதவீதம்கூட இல்லை என்று அர்த்தம். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா?

கற்றாழையைவிடச் சிக்கலானது 'இது இல்லை, அது இல்லை' என்ற வாசகம். பாரபென் இல்லை, சல்பேட் இல்லை, பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பிபிஏ இல்லை. இல்லாததைச் சொல்கிறார்கள், அதன் இடத்தில் என்ன வந்தது என்பதைச் சொல்வதில்லை. தண்ணீர் கலந்த எந்தப் பொருளிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்க ஏதாவது ஒன்று போட்டே ஆக வேண்டும். பாரபென்கள் அதற்காகப் பல காலமாக இருந்தவை. ஹார்மோனைக் குழப்புமோ என்ற சந்தேகம் கிளம்பியதும் மக்கள் விலகினார்கள், கம்பெனிகளும் விலகின. அவை மாற்றாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று மெத்தில் ஐசோதையசோலினோன். 2005-இல் ஐரோப்பா அதைத் தனியாகப் பயன்படுத்த அனுமதித்தது. லோஷன், ஷாம்பூ, குழந்தைகளைத் துடைக்கிற ஈரத்தாள் என்று எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே தோல் மருத்துவர்களிடம் அரிப்பும் தடிப்புமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தொடுதோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று இதைத்தான் அறிவித்தது. 2017-இலிருந்து, கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருள்களில் இதைச் சேர்ப்பதை ஐரோப்பா தடை செய்தது.

பாரபென்கள் எல்லாம் நல்லவை என்று சொல்ல வரவில்லை. அவற்றில் ஐந்தை ஐரோப்பா 2014-இல் விலக்கியது. மெத்தில், எத்தில் பாரபென்களுக்கு அளவுக் கட்டுப்பாட்டோடு அனுமதி தொடர்கிறது. என்னைக் கேட்டால், தோல் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு 'பாரபென் இல்லை' என்ற முத்திரையைவிட 'மெத்தில் ஐசோதையசோலினோன்' என்ற பெயரை அடையாளம் கண்டுகொள்வது பத்து மடங்கு பிரயோஜனம். சலவைத் திரவத்திலும் சுவர்ப் பெயின்டிலும் அது இன்னமும் இருக்கிறது. தொட்டால் அரிக்கிறது என்றால் அங்கேயும் பாருங்கள்.

சமையல் பாத்திரத்திலும் இதே கதைதான். 'பிஎஃப்ஓஏ இல்லை' என்று ஒட்டாத தவாவின் மேல் எழுதியிருப்பார்கள். ஒட்டாத பூச்சைத் தயாரிக்கப் பயன்பட்ட ஒரு வேதிப்பொருள் அது. அந்த ஒரு பொருளை 2019-இல், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலேயே சேர்த்துக் கிட்டத்தட்ட உலகம் முழுக்க விலக்கியாகிவிட்டது. ஆனால் அது சேர்ந்த பிஎஃப்ஏஎஸ் என்பது ஃபுளோரின் கொண்ட ஆயிரக்கணக்கான பொருள்களின் பெரிய குடும்பம். ஒருவர் வெளியே போனால் இன்னொரு உறவினர் உள்ளே வரலாம்.

அடுத்தது வாசனை. பட்டியலில் 'பர்ஃபியூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அதற்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி இருந்தது. 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டினார்கள். லிமோனின், லினாலூல் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் செடிகளிலிருந்து வரும் எண்ணெய்களில் இயல்பாகவே இருப்பவை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போதுதான் அவை தோலை உறுத்தும் பொருளாக மாறுகின்றன. அதனால் 'செயற்கை வாசனை வேண்டாம், இயற்கை எண்ணெய் போதும்' என்று மாறுவது ஒவ்வாமைக்காரருக்குத் தீர்வாகாது. வேறொரு நுட்பமும் இருக்கிறது. வாசனைப் பொருளே சேர்க்காதது வேறு, வாசம் தெரியாதது வேறு. இரண்டாவதில் மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க ஒரு வாசனைப் பொருளையே போட்டிருக்கலாம். கூடுதல் வாசனை எதுவும் சேர்க்கப்படவில்லை என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

வீட்டுச் சுத்தத்துக்கான பொருள்களில் எனக்கு அதிகக் கவலை ஸ்பிரேயைப் பற்றி. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்துவந்த பெண்களுக்கு நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வு காரணத்தை உறுதியாக நிரூபித்துவிடாது. இருந்தாலும் மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் பறப்பதை மூச்சோடு இழுக்கிறோம் என்பதில் சந்தேகம் கிடையாது. இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மேஜையின் மேல் பீய்ச்சாமல், திரவத்தைத் துணியில் ஊற்றித் துடையுங்கள். அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ரூம் ஸ்பிரேயை நான் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை. நாற்றம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைப் போய்த் தேட வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ப்ளீச்சையும் டாய்லெட் கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வெளிவரும். 1915-இல் முதல் உலகப் போரில் ஆயுதமாக விட்ட அதே வாயு. வினிகரும் அமிலம்தான், அதுவும் கூடாது. ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. சில கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா உண்டு. சிறுநீரிலும் உண்டு. தெரியாமல் கலந்து கண்ணும் தொண்டையும் எரிந்தால், கழுவி முடித்துவிடலாம் என்று அங்கேயே நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். காற்றோட்டமான இடத்துக்குப் போன பிறகு மற்றதைப் பார்க்கலாம். மூச்சுத் திணறினால் மருத்துவரிடம்தான்.

ஆபத்தில்லாத, ஆனால் வீணான ஒரு கலவையும் இருக்கிறது. வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்தால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்ட பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிடேட்டும். தனித்தனியாகத்தான் இரண்டும் வேலை செய்யும். குழாயில் படிந்த வெள்ளை உப்புக் கறைக்கு அமிலம், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா. பளிங்குக் கல்லில் மட்டும் அமிலம் படவே கூடாது, கல்லே அரித்துப்போகும்.

கிருமிநாசினி சோப்பைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்களை, வீட்டில் கைகழுவப் பயன்படுத்தும் சோப்புகளிலிருந்து விலக்கியது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாகச் செய்கின்றன என்று தயாரித்தவர்களால் காட்ட முடியவில்லை.

இனித் தண்ணீரின் பக்கம். 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் மலைமலையாக நுரை மிதந்தது. அன்றைய சலவைப் பொருளின் மூலக்கூறுக்குக் கிளைகிளையாகப் பிரிந்த வால். பாக்டீரியாவால் அதைக் கடித்துத் தின்ன முடியவில்லை. ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது. அமெரிக்கத் தொழில்துறை 1965-இல் நேர் வால் கொண்ட மூலக்கூறுக்கு மாறியது. பாக்டீரியா ஒரு முனையிலிருந்து தின்றுகொண்டே போனது, நுரையும் அடங்கியது. இன்று ஐரோப்பாவில் சலவைப் பொருளில் அழுக்கெடுக்கும் பொருள் 28 நாளில் 60 சதவீதமாவது முழுமையாகச் சிதைய வேண்டும் என்பது சட்டம். ஆகவே அங்கே 'மக்கும் தன்மை கொண்டது' என்று பெரிதாக எழுதுவது, செய்தே தீர வேண்டியதைச் செய்துவிட்டுப் பெருமை பேசுவது. சலவைத்தூளில் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கச் சேர்க்கும் பாஸ்பேட் அப்படியல்ல, கவனிக்க வேண்டியது. ஏரியில் பாசியை உரம் போட்டு வளர்த்து, மீனுக்குரிய ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஐரோப்பா வீட்டுச் சலவைத்தூளில் 2013-இலும், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பொருளில் 2017-இலும் அதைக் கடுமையாகக் குறைத்தது. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லையென்றால் பாஸ்பேட் இல்லாததைத் தேடி வாங்குவது நியாயமான தேர்வு.

ஆனால் எந்தத் தூள் என்பதைவிட எவ்வளவு தூள் என்பதுதான் பெரிய கேள்வி. சலவை இயந்திரத்தில் போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் செலவாகிறது. குளிர்ந்த நீரில் துவையுங்கள், மூடியில் இருக்கும் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தை நிறுத்திப் பார்க்கலாம். அது நூலின் மேல் மெல்லிய வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்கிறது. துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பில் தடவிக்கொண்டே போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். சில முறை திரவம் போடாமல் துவைத்தால் துண்டு பழையபடி ஈரத்தை இழுக்கும்.

முத்திரைகளில் எதை நம்பலாம்? தயாரித்தவரே வரைந்துகொண்ட பச்சை இலைக்கு மதிப்பில்லை. வெளியார் ஒருவர் சோதித்துக் கொடுப்பதற்கு மதிப்புண்டு. ஜெர்மனியின் நீல தேவதை 1978-இலிருந்து இருக்கிறது, உலகத்தில் அதுதான் முதல் சூழல் முத்திரை. வடக்கு ஐரோப்பிய நாடுகளின் அன்னப்பறவை 1989-இல் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ 1992-இல். அமெரிக்காவில் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு தரும் 'சேஃபர் சாய்ஸ்' இருக்கிறது.

முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூலப்பொருள் பட்டியலே இல்லாமல் விற்பதைத் தொடாதீர்கள். பலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை இதைத் தடுக்கத்தான் பார்க்கிறது, ஆனாலும் விற்பனை நின்றபாடில்லை. பட்டியலில் 'கலோமெல்' என்றோ 'மெர்குரஸ் குளோரைடு' என்றோ இருந்தால் அது பாதரசம்தான், சந்தேகமே வேண்டாம். பெயர் எதுவும் இல்லாமல், 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு எச்சரிக்கை மட்டும் இருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தகைய கிரீமைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றவும் கூடாது. ஆபத்தான கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மற்றபடி, இந்த உரையைக் கேட்டுவிட்டு வீட்டில் இருப்பதை எல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாதி பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் பச்சை முத்திரை போட்டதை வாங்கிவந்தால் சுற்றுச்சூழலுக்கு இரட்டைச் செலவு. இருப்பதைத் தீர்த்துவிட்டு, அடுத்து வாங்கும்போது யோசியுங்கள். மொத்தமாக வாங்கிச் சின்ன பாட்டிலில் மாற்றி ஊற்றுகிறவர்கள், தயவுசெய்து குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்ற வேண்டாம். சலவைக் காப்சூல்கள் மிட்டாய் போலப் பளபளப்பதால் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்ட சம்பவங்கள் ஏராளம். அதனால்தான் ஐரோப்பாவில் 2015-இலிருந்து அதன் டப்பா உள்ளே தெரியாதபடி இருக்க வேண்டும், மேல்படலத்தில் கசப்பு சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் ஊரில் விதி எப்படி இருந்தாலும், அந்த டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

வணக்கம்.